அச்சைச் சுவரில் மாட்டாதீர்கள்: பழைய மர அச்சில் பூவேலை எடுக்கும் முறை

மலைநாட்டுப் பழைய பங்களாக்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று இது. சுவர்க்கண்ணாடியின் பொன்னிறச் சட்டத்தில் ஒரு மூலை உதிர்ந்திருக்கும். அல்லது கணப்படுப்புக்கு மேலே மரச்சட்டத்தில் ஓடும் இலைக்கொடியில் ஒரு சாண் நீளம் காணாமல் போயிருக்கும். உடனே “ஆசாரியக் கூப்பிட்டு அந்த எடத்த மட்டும் செதுக்கச் சொல்லுங்க” என்பார்கள். என்னை அப்படிக் கூப்பிட்டால் நான் முதலில் உளியை எடுப்பதில்லை, டோர்ச்சைத்தான் எடுப்பேன். ஏனென்றால் அது பெரும்பாலும் செதுக்கிய வேலையே அல்ல. அச்சில் அழுத்தி எடுத்து, மரத்தின் மேல் ஒட்டியது.

உடைந்த முகத்தைப் பாருங்கள். மரமானால் நார் தெரியும். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் என்றால் உள்ளே வெள்ளையாக இருக்கும், நகத்தால் கீறினால் மாவாக உதிரும். சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், கல் போல இறுகி, நகம் ஏறாமல் இருந்தால் அது கொம்போ, அதாவது அச்சில் அழுத்தவென்று காய்ச்சிப் பிசைந்த மா. நீளமான பட்டையாக இருந்தால் அதன் குறுக்கே மயிரிழை வெடிப்புகள் ஓரளவு ஒழுங்கான இடைவெளியில் விழுந்திருக்கும். காயும்போது சுருங்கியதால் வந்த வெடிப்புகள் அவை. அவற்றைப் பழுது என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பூசி அடைக்க வேண்டாம். நூறு வயதைத் தாண்டிய சாமானில் அந்த வெடிப்பு இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். டிக்கோயாப் பக்கம் ஒரு பங்களாவில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் உள்விளிம்பில் முத்து வரிசை. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு முத்தின் தலை மட்டும் லேசாகத் தட்டையாக இருந்தது. அங்கிருந்து எண்ணிக்கொண்டே போனால் பத்தொன்பதாவது முத்தும் தட்டை. அதற்கு அடுத்த பத்தொன்பதாவதும் அப்படியே. அந்த அச்சு பத்தொன்பது முத்து நீளம், அதில் ஒரு குழியின் அடி சரியாக வெட்டப்படவில்லை. என்றோ எங்கோ அதை வெட்டியவருடைய கை அந்த ஒரு குழியில் சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. உளியால் செதுக்கும் ஆசாரியும் தவறு விடுவார்தான், ஆனால் ஒரே தவறை ஒரே இடைவெளியில் விடமாட்டார்.

கொம்போ என்பது கொம்பொசிஷன் என்ற பெயரின் சுருக்கம். வெண்கட்டித்தூள், வச்சிரம் என்ற தச்சுப் பசை, ரோசின் என்ற பைன் மரப் பிசின், லின்சீட் என்ற ஆளிவிதை எண்ணெய் ஆகிய நான்கும் சேர்ந்த மா அது. சூட்டில் குழையும், ஆறினால் இறப்பர் போலத் துவளும், காய்ந்தால் கல்லாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் இதற்குப் பெரிய மவுசு வந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான ரொபர்ட் அடம் (1728–1792) என்ற கட்டடக் கலைஞர் சுவர், கூரை, கணப்படுப்பு, தளபாடம் எல்லாவற்றிலும் மெல்லிய மாலைகளும் குடங்களும் விசிறி இலைகளுமாகப் போட்டு ஒரு பாணியையே உண்டாக்கினார். அவ்வளவையும் கையால் செதுக்கி முடியாது. ஒரு தடவை அச்சு வெட்டிவிட்டால் ஆயிரம் தடவை அழுத்தலாம். லண்டனில் 1780இல் தொடங்கிய ஜோர்ஜ் ஜாக்சன் நிறுவனம் இந்த வேலையில் பேர்போனது. அமெரிக்காவின் சிக்காகோவில் 1883இல் தொடங்கிய டெக்கரேட்டர்ஸ் சப்ளை நிறுவனமும் பழைய அச்சுகளை வைத்தே நெடுங்காலம் தொழில் செய்தது. நம் பங்களாக்களுக்கு வந்த கண்ணாடிகளும் படச்சட்டங்களும் துரைமார் கப்பலில் கொண்டுவந்தவை. வேலை அங்கே நடந்தது, உதிர்வது இங்கே.

அச்சு கைக்கு வந்தால்

நல்ல அச்சு பொக்ஸ்வுட் மரத்தில் வெட்டியதாக இருக்கும். மஞ்சள் நிறம், நார் தெரியாத நெருக்கம், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். அந்த மரம் பெரிதாக வளராது. அதனால் சிறு துண்டுகளாக வெட்டி, மலிவான மரக்கட்டைக்குள் பதித்திருப்பார்கள். பேரி மரத்திலும், பித்தளையிலும் அச்சுகள் உண்டு. வேலை முழுவதும் தலைகீழ்: மேடாக வரவேண்டியது பள்ளமாக, முன்னால் நிற்கவேண்டியது ஆழமாக. நம் நகைப் பத்தர்களின் அச்சுக்கட்டையும் இதே புத்திதான்.

கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் இப்படி ஒன்றை “பிஸ்கட் அச்சு” என்று சொல்லி என்னிடம் விற்றார்கள். பலகார அச்சில் வெட்டு மேலோட்டமாக இருக்கும், கழுவிக் கழுவி மரம் வெளுத்திருக்கும். கொம்போ அச்சில் எண்ணெய் ஊறி மரம் தேன் நிறத்துக்குக் கறுத்திருக்கும். இலையின் நரம்பு கூட ஊசிமுனை அளவுக்குக் கூர்மையாக இருக்கும். பக்கத்தில் இலக்கம் குத்தியிருந்தால் அது செய்த நிறுவனத்தின் மாதிரி இலக்கம். அதைத் தேய்த்து அழிக்காதீர்கள்.

என்ன உருவம் என்பது பள்ளத்தைப் பார்த்தவுடன் பிடிபடாது. அச்சை மேசையில் வைத்து உங்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும் சாய்வாக வெளிச்சம் விடுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகத்தான் நம் கண் எடுத்துக்கொள்ளும், அதனால் பள்ளம் சட்டென்று மேடாகத் தெரியும். களிமண்ணை அழுத்திப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம், ஈரம் உள்ளே போகும்.

பெரும்பாலும் தெரிவது இவைதான்: முத்து வரிசை, முட்டையும் அம்பும் மாறிமாறி வரும் பட்டை, பின்னிய கயிறு, தொங்கும் பூமாலை, விசிறி போல விரிந்த இலை, அப்புறம் சுருண்டு விழும் அக்காந்தஸ் இலை. கிரேக்கர் காலத்திலிருந்து தூண் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த இலை வேறெதுவும் இல்லை, நம் கரையோரச் சதுப்பில் முளைக்கும் கழுதைமுள்ளியின் உறவுக்காரச் செடிதான். அதற்கு அங்கே கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

இப்போது நான் சண்டை பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய அச்சு கிடைத்ததும் பலர் செய்வது, பளபளவென்று வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டுவது. உல்லாசப் பயணிகள் வரும் இடங்களில் இது இப்போது ஒரு நாகரிகம். வார்னிஷ் ஏறிய அச்சு செத்த அச்சு. நரம்புக் கோடுகளில் அது தேங்கி இறுகும். பிறகு கரைப்பான் போட்டு எடுத்தாலும் கூர்மை திரும்பாது. அச்சின் விலை அதன் மரத்தில் இல்லை, அந்தக் கூர்மையில்தான் இருக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்தக் கூர்மையைக் காப்பாற்றிக்கொண்டு வேலை வாங்கும் வழிதான்.

சுத்தம் செய்வது

தண்ணீரில் போடாதீர்கள், நீராவி காட்டாதீர்கள், கம்பிப் பிரஷ் பக்கமே போகாதீர்கள். உலர்ந்த பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். குழியில் இறுகிய பழைய கொம்போ இருந்தால் ஈர்க்குச்சியைச் சாய்வாகச் சீவி, பொறுமையாகக் கிள்ளுங்கள். மூங்கில் சீவலும் நல்லது. இரும்பு ஊசி வேண்டாம், ஒரு கீறல் விழுந்தால் அது இனி எடுக்கும் ஒவ்வொரு பூவிலும் மேடாக வந்து நிற்கும். மீதி அழுக்கை அப்படியே விடுங்கள். முதலில் அழுத்தும் சூடான கொம்போ தானே அதைக் கவ்விக்கொண்டு வரும். அந்த முதல் உருவைக் கழித்துவிட்டால் சரி.

பொக்ஸ்வுட்டில் பூச்சி அரிப்பது குறைவு. அதைத் தாங்கும் பின்கட்டைதான் உளுத்துப்போகும். சிறு துளையும் கீழே மாத்தூளும் தெரிந்தால் மருந்து ஊற்றாதீர்கள், எண்ணெய் மருந்து குழிக்குள் இறங்கிக் கறையாகும். பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, டீப் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடவேண்டும், இல்லாவிட்டால் அச்சின் மேல் நீர் பூக்கும். நூதனசாலைகளில் செய்யும் முறை இது. நான் இறைச்சி வைக்கும் பெட்டியில் செய்கிறேன், வீட்டில் முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே.

அச்சில் வெடிப்பு இருந்தால் அடைக்காதீர்கள். உருவில் ஒரு மெல்லிய கோடாக வரும், கத்தியால் சீவிவிடலாம். வெடிப்பு அகலாமல் இருக்க அச்சைச் சுற்றி மரச்சட்டம் ஒன்று இறுக்கிப் போட்டுக்கொண்டால் போதும்.

மா காய்ச்சுவது

இதுதான் உயிர். சின்ன வேலைக்கு நான் எடுக்கும் அளவு: உலர்ந்த வச்சிர மணி 200 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர், ரோசின் 100 கிராம், பச்சை லின்சீட் எண்ணெய் 50 மில்லிலீற்றர், வெண்கட்டித்தூள் ஒரு கிலோவும் அதற்கு மேலும். வச்சிரம் என்றால் தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பழைய தச்சுப் பசை. வெள்ளைப் பசைப் போத்தல் இதற்கு ஆகாது. அது வச்சிரம் போல ஆறியதும் ஜெலியாக இறுகாது. ஹட்டனில் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது. நான் புறக்கோட்டையிலிருந்து மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வேன். வெண்கட்டித்தூள் கேட்டால் சில கடைகளில் சுண்ணாம்பைக் கொடுப்பார்கள், அது வேறு சாமான், வச்சிரத்தைக் கெடுத்துவிடும்.

முதல் நாள் இரவே வச்சிரத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மணிகள் பொங்கி, ஜெலி போல நடுங்கும். அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். பசை 60 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும், கொதித்தால் அதன் பிடிப்பு போய்விடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும். மலையில் இருக்கிறோம், சூடு குறைவாகத்தானே இருக்கும் என்று அடுப்பைக் கூட்டுபவர்கள் உண்டு. 94 பாகையும் வச்சிரத்துக்குச் சாவுதான்.

ரோசினையும் எண்ணெயையும் வேறு பாத்திரத்தில், வெளியிலோ கதவு திறந்த இடத்திலோ, மின்சாரச் சூட்டுத்தட்டில் மெதுவாக உருக்குங்கள். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் வேண்டாம், ரோசினும் எண்ணெயும் தீப்பிடிக்கும் சாமான். பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும். தீப்பிடித்தால் மூட வேண்டுமே தவிரத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது தானே சூடேறும், சுருட்டிய துணி யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும். தண்ணீர் உள்ள தகரத்தில் அமுக்கி வையுங்கள்.

ரோசின் முழுதும் உருகியதும் அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிடுங்கள். ரொம்பச் சூட்டில் வச்சிரத்தை ஊற்றினால் அதிலுள்ள நீர் பொங்கி மேலே தெறிக்கும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது, வச்சிரத்தை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கிளறுங்கள். இரண்டும் சேர்ந்து தேநீர் நிறத்தில் தடித்த குழம்பாகும். எண்ணெய் தனியே மிதந்தால் இன்னும் கிளற வேண்டும்.

வெண்கட்டித்தூளைப் பலகையில் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றிச் சேருங்கள். பிறகு ரொட்டிக்குக் கோதுமை மா பிசைவது போலத்தான்: மடித்து, அமுக்கி, திருப்பி, மறுபடி மடித்து. கையில் ஒட்டினால் தூள் போடுங்கள். பிதுக்கும்போது ஓரம் வெடித்தால் தூள் கூடிவிட்டது, துளி எண்ணெய் தடவிப் பிசையுங்கள். சரியான பதத்தில் மா வழுவழுவென்று, ஒரு மங்கிய மினுக்கத்தோடு இருக்கும். விரலை அமுக்கி எடுத்தால் ரேகை அப்படியே பதிந்திருக்கும். ரேகை விழாத மா இலை நரம்பை எடுக்காது.

என்னோடு வேலை பழகும் அக்கா மகன் பிசைந்து பிசைந்து ஓய்ந்துபோய்க் கேட்டான்: “ஏன் மாமா இவ்ளோ பாடு? கொழும்புல ரெடிமேடா பூ கெடைக்குதுல்ல?” கிடைக்கிறது. ரெசின் பூ, பொலியுரத்தேன் பட்டை எல்லாம் இருக்கின்றன. புது வீட்டுக்கு நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் பழைய சட்டத்தில் உதிர்ந்த இரண்டு அங்குலத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினால், பக்கத்து இலை பழைய கூர்மையோடும் இது சவர்க்காரம் கரைந்த மாதிரியும் நிற்கும். கண்ணுள்ளவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அழுத்துவது

அச்சுக்குள் மெல்லிய பிரஷால் துளி எண்ணெய் தடவி, அதன் மேல் டல்கம் தூவி, அச்சைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மிஞ்சிய தூள் விழுந்துவிட வேண்டும், குழியில் தங்கினால் அதுவே கூர்மையை மறைக்கும். குழந்தைப் பவுடரும் சரிதான். ஒரு வாரத்துக்குப் பட்டறை தொட்டில் வீடு மாதிரி மணக்கும், அவ்வளவுதான்.

மா ஆறியிருந்தால் புட்டுப் பானையில் துணி விரித்து நீராவியில் வைத்து இளக்குங்கள். அந்தப் பானையை அப்புறம் புட்டுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது, பட்டறைக்கென்று ஒன்று ஒதுக்கிவிடுங்கள். இளகிய மாவில் தேவையான அளவு எடுத்து, பார்வைக்குப் போகும் முகத்தை மடிப்பு இல்லாமல் உருட்டி, அந்த முகம் கீழே இருக்கும்படி அச்சில் வைத்துக் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்குங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு அமுக்கினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், முத்துக்குப் பதில் கொப்புளம் வரும். மா அச்சின் மட்டத்துக்கு மேலே சற்று மேடாக நிற்க வேண்டும்.

அடுத்ததுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ஒரு தட்டையான பலகையை ஈரத் துணியால் துடைத்து, மாவின் முதுகில் வைத்து அழுத்துங்கள். பழைய பட்டறைகளில் திருகு அழுத்தி இருந்தது. எனக்கு இரண்டு ஜீ கிளாம்ப் போதும், நீளமான அச்சுக்கு மூன்று. இறுக்கும்போது எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிமாறித் திருகுங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் நூறு வருடம் தாங்கிய அச்சு உங்கள் கையில் இரண்டாகும். ஓரத்தில் மா பிதுங்கி வந்ததும் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கிளாம்பைத் தளர்த்தி, பலகையை ஒரு முனையிலிருந்து நிமிர்த்துங்கள். ஈரப் பலகையில் வச்சிரம் பிடித்துக்கொள்ளும், எண்ணெய் தடவிய அச்சு விட்டுவிடும். பூ முழுவதும் பலகையோடு எழுந்து வரும்.

அந்த நிலையில் மா இறப்பர் போல இருக்கும், அதனால்தான் இலையின் நுனி லேசாக உள்ளே மடிந்திருந்தாலும் ஒடியாமல் கழன்று வருகிறது. ஆறி இறுகியபின் நீளமான, மெல்லிய கத்தியால் பலகையை ஒட்டிச் சீவி, பூவை மட்டும் தனியே எடுங்கள். பலகையில் எஞ்சும் தட்டை மாவைச் சுரண்டிப் பானையில் போட்டால் அடுத்த பூவுக்கு ஆகும். ஒன்றும் வீணில்லை.

மலைக்குளிரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பட்டறை குளிர்ந்திருந்தால் மா அச்சின் அடியைத் தொடுவதற்கு முன்னமே விறைத்துவிடும். அச்சையும் பலகையையும் முதலே வெயிலில் வைத்தோ ஹீட்டர் பக்கம் வைத்தோ வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். அடுப்பின் மேல் வேண்டாம்.

ஒட்டுவதும் முடிப்பதும்

புதுப் பூ ஒரு நாள் வரை வளையும். வளைந்த சட்டத்துக்கும் நாற்காலி முதுகுக்கும் அப்போதே பொருத்திவிட வேண்டும். ஒட்டும் இடத்தில் பழைய பெயின்ட், மெழுகு, தூசி இல்லாமல் சுரண்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக் கூடும், அதனால் உலர்ந்த மணல்தாள் போடாமல் ஈரத்தோடு தேய்த்து, முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். பூவின் முதுகை ஒரு கணம் நீராவியில் காட்டினால் அதிலுள்ள வச்சிரமே இளகிப் பசையாகும். வைத்து அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். கனமான பூவுக்குத் தலை வெட்டிய மெல்லிய ஆணி ஒன்றிரண்டு, இலையின் மடிப்பில் மறையும்படி. காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும், ஆகவே இரண்டு துண்டு சேரும் இடத்தை நெருக்கி வையுங்கள். அந்தச் சந்து இலையின் நடுவில் வராமல், முத்துக்கும் முத்துக்கும் இடையில் விழ வேண்டும்.

உதிர்ந்த பழைய துண்டு கிடைத்தால் புதிது எடுக்காதீர்கள். கணப்படுப்பின் பின்னால், சட்டத்தின் உள்மடிப்பில், தளபாடத்தின் அடியில் எல்லாம் தேடுங்கள். முதுகில் வச்சிரம் தடவி ஒட்டினால் முடிந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டு முழுப் பட்டையையும் புதிதாகப் போட்டுத் தரச் சொன்ன வாடிக்கையாளரிடம் நான் வேலையே எடுக்கவில்லை.

நிறம் போடுவதற்கு முன் அரக்குப் பொலிஷ் ஒரு பூச்சு, மெல்லியதாக. பொன்னிறச் சட்டமானால் அதன் மேல் பசை தடவித் தங்கரேக்கு. அசல் ரேக்கு கட்டாது என்றால் பித்தளை ரேக்கு போட்டு மேலே அரக்கு அடியுங்கள், இல்லாவிட்டால் நம் ஈரத்துக்குப் பச்சை பூக்கும். பெயின்டர்மார் ஒரு பங்களாவில் எனாமலை வழிய வழிய அடித்து, முட்டையும் அம்பும் இருந்த பட்டையை உருளைக்கிழங்கு வரிசையாக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தடித்த பெயின்டுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

எப்போது செய்வது? ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்துக்குப் பின் தென்மேல் மழை பிடித்தால் வச்சிரம் காயாது, பூஞ்சணம் பூக்கும். அதே ஜூலை, ஓகஸ்ட்டில் மலையின் மறுபக்கம் ஊவாவில் வறண்ட காற்று அடிக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்களுக்கு அதுதான் நல்ல காலம். ஆனால் காற்றில் நேராக வைக்காதீர்கள், வேகமாகக் காய்ந்தால் வெடிப்பும் கூடும். அறைக்குள் துணி போர்த்தி மெதுவாகக் காயட்டும்.

கோயில் நிர்வாகத்திலிருந்து ஒரு ஐயா வந்து, வாசல் வளைவுக்கு இதே பூவை வரிசையாகப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். கொம்போ வீட்டுக்குள் வாழும் சாமான். மழையும் மூடுபனியும் பட்டால் வச்சிரம் ஊறி, பூ சட்டத்தை விட்டுக் கழன்று வரும். வெளிவேலைக்குச் சுதை இருக்கிறது, அதற்கான ஸ்தபதிமார் இருக்கிறார்கள்.

ஒரே அச்சை நிறையத் தடவை அழுத்தவேண்டி வந்தால், மூல அச்சை வருத்தாமல் நகல் எடுங்கள். அச்சில் கொம்போவில் ஒரு நல்ல உரு எடுத்து, காய்ந்ததும் அரக்கு பூசி, அந்த உருவின் மேல் சிலிக்கன் ஊற்றுங்கள். அந்தச் சிலிக்கன் அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாலும் ரெசின் ஊற்றினாலும் கவலையில்லை. ஆனால் உரு சுருங்கிய அளவு நகலும் சின்னதாகும், நீளப் பட்டையில் அது தெரியும். மூல மர அச்சுக்குள் சிலிக்கனையோ பிளாஸ்டரையோ நேரே ஊற்றவே கூடாது. பிளாஸ்டரின் நீர் மரத்தை உப்ப வைத்துப் பிளக்கும். சிலிக்கன் மரத்துக்குள் இறங்கி, பிறகு அந்த அச்சில் எடுக்கும் பூவில் ரேக்கும் பெயின்டும் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும்.

அச்சே இல்லாத மாதிரி என்றால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம், சின்னதாக இருந்தால். பொக்ஸ்வுட் இங்கே கிடைக்காது. கொய்யா மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் நல்ல நெருக்கம். நான் முத்து வரிசைக்கு எடுப்பது தேயிலைக் கட்டை. மலையில் பழைய செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது அடிக்கட்டைகள் விறகுக்குப் போகும். என் தாத்தா தோட்டத்துத் தச்சுக்கொட்டிலில் அதில்தான் உளிப்பிடி கடைவார். நேராக ஒரு சாண் தேறும் கட்டையைப் பொறுக்கி, இரண்டு தலையிலும் மெழுகு பூசி, நிழலில் ஒரு வருடமாவது போட்டு வையுங்கள். அவசரப்பட்டால் நட்சத்திரம் போல வெடிக்கும். குறுக்கே அறுத்த முகத்தில் வெட்டுங்கள், அங்கே நார் பிசிறாது. ஒவ்வொரு குழிக்கும் வெட்டியபின், உருண்டைத் தலையுள்ள கம்பியைப் பழுக்கக் காய்ச்சாமல், குளிராகவே வைத்துச் சுழற்றித் தேய்த்தால் குழி வழவழப்பாகும். எல்லாக் குழியும் ஒரே ஆழமா என்று கொம்போவை அழுத்திப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் அச்சிலுள்ள டல்கத்தைத் தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வையுங்கள். பொலித்தீனில் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும். கணப்படுப்புக்கு மேலும் வேண்டாம், தகரக் கூரைக்கு அடியில் பரணிலும் வேண்டாம். மிஞ்சிய கொம்போவைக் காற்றுப் புகாத பெட்டியில் போட்டு, துளி கராம்பு எண்ணெய் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும், திரும்ப நீராவியில் இளகும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வெளியே பார்த்தால் பிசைந்து வைத்த குரக்கன் மா மாதிரியே இருக்கும்.